பாயிண்ட் யார் பெயரில்?

கிரெடிட் கார்டில் சேரும் ரிவார்டு பாயிண்ட்டைப் பணம்போல எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. நம் வங்கிகளில் பெரும்பாலும் அப்படித்தான். நானும் என் தங்கையும் ஒரே வங்கியின் ஒரே ரகக் கார்டை வைத்திருந்தால்கூட, என் கணக்கிலிருந்து ஆயிரம் பாயிண்ட்டை அவள் கணக்குக்குத் தள்ளிவிட வழி கிடையாது. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பாயிண்ட்டுகள் பல வருடங்களாகக் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. தங்கையின் பிரசவத்துக்கு அம்மா சிங்கப்பூர் போனது என் பாயிண்ட்டில். மாமியார் மதுரையில் மீனாட்சியைத் தரிசிக்கப் போய் நல்ல ஓட்டலில் தங்கியது என் கொழுந்தனாரின் பாயிண்ட்டில். சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது என் தொழில். குடும்பத்தில் எல்லோருடைய பாயிண்ட்டுக்கும் கணக்குப் பார்ப்பது நானாக விரும்பி எடுத்துக்கொண்ட வேலை. மனதுக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான்.

இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது இது: பாயிண்ட் சேரும் நேரத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது, செலவழிக்கும் நேரத்தில் இன்னொரு கதவு திறக்கிறது. நடுவில், வங்கியின் கணக்கில் அது கிடக்கும் காலம் முழுவதும் பூட்டுதான். பகிர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த நடுவில் போய் நின்றுகொண்டு தட்டுகிறார்கள். கஸ்டமர் கேருக்கு போன் செய்து, "என் அப்பா பேருக்கு மாத்திக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். முடியாது என்ற பதில் வந்ததும் இதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிடுகிறார்கள்.

சேரும் நேரத்துக் கதவு ஆட்-ஆன் கார்டு. கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தவர்கள், 18 வயது நிரம்பிய பிள்ளைகள் என்று நெருங்கிய உறவினருக்கு நம் கணக்கின் மேலேயே கூடுதல் கார்டு வாங்கலாம். அதில் அவர்கள் செய்யும் செலவுக்கான பாயிண்ட் முழுவதும் முதன்மைக் கார்டுதாரரின் கணக்கில் வந்து விழும். பிறகு ஒன்றுசேர்க்க முடியாததை, சேரும்போதே ஒன்றாக்கிவிடுகிறோம். இதன் அருமை கணக்குப் போட்டால் தெரியும். 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட் தரும் கார்டு என்று வைத்துக்கொள்வோம். மளிகை, மருந்து, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 50,000 ரூபாய் கார்டில் போகும் வீட்டில் வருடத்துக்கு 12,000 பாயிண்ட் சேரும். அதே செலவை நான்கு பேர் நான்கு வங்கிகளின் கார்டில் செய்தால் ஆளுக்கு 3,000. அந்த 3,000-ஐ வைத்துக்கொண்டு யாரும் எங்கேயும் போக முடியாது. கடைசியில் ஆளுக்கொரு சின்ன வவுச்சரில் கரையும்.

ஆட்-ஆன் கார்டைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆட்-ஆன் கார்டில் எவ்வளவு ஒழுங்காகச் செலவழித்துக் கட்டினாலும், கடன் வரலாறு சேர்வது முதன்மைக் கார்டுதாரர் பெயரில்தான். இருபது வருடம் கணவரின் ஆட்-ஆன் கார்டில் வீட்டை நடத்திய ஒரு பெண், தன் பெயரில் ஒரு கடன் கேட்டுப் போனால் வங்கியின் கண்ணுக்கு அவள் புதியவள். கணவர் இறந்தால் முதன்மைக் கணக்கு முடங்கும், அதோடு அவள் கையில் இருக்கும் கார்டும் முடங்கும். அதனால் பாயிண்ட்டை ஒரே பாத்திரத்தில் சேர்க்கும் ஆசை எனக்கு எவ்வளவு இருந்தாலும், வீட்டுப் பெண்களுக்கு முதலில் அவரவர் பெயரில் ஒரு கார்டு, அதன்பிறகுதான் ஆட்-ஆன் என்று பிடிவாதமாக இருக்கிறேன். வருமானம் இல்லாதவர்களுக்கு வைப்புத்தொகையின் பேரில் வங்கிகள் கார்டு தருகின்றன, அது போதும். கொஞ்சம் பாயிண்ட் சிதறினால் சிதறட்டும்.

இனிச் செலவழிக்கும் நேரத்துக் கதவு. இங்கேதான் வேலையின் ருசி இருக்கிறது.

பாயிண்ட்டை எந்த உருவத்தில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும். எச்டிஎஃப்சியின் இன்ஃபினியா கார்டை எடுத்துக்கொள்வோம். பாயிண்ட்டைக் கார்டு பில்லில் கழித்துக்கொண்டால் ஒரு பாயிண்ட் 30 காசு. வவுச்சராகவோ பொருளாகவோ வாங்கினால் பெரும்பாலும் 50 காசு. அவர்களுடைய தளத்தில் விமானமோ ஓட்டலோ பதிவுசெய்தால் ஒரு ரூபாய். ஆனால் மொத்தத் தொகையில் 70 சதவிகிதம்வரைதான் பாயிண்ட்டில் கட்டலாம், மீதியைக் கார்டில் கட்ட வேண்டும். ஆக, அதே 10,000 பாயிண்ட் ஒருவருக்கு 3,000 ரூபாய், இன்னொருவருக்கு 5,000, மற்றொருவருக்கு 10,000. பில்லில் கழித்து அந்தப் பணத்தை அப்பா கையில் கொடுப்பதைவிட, அப்பா பெயரில் டிக்கெட்டே போட்டுக் கொடுப்பது மூன்று மடங்கு பெரிய கொடை. பயணி பெயர் எதுவாக இருந்தாலும் பெரும்பாலான வங்கிகளின் பயணத் தளம் கேள்வி கேட்பதில்லை. பகிர்வதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. உள்நாட்டுப் பயணத்துக்கு எங்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான்.

வெளிநாட்டுப் பயணம் என்றால் பாயிண்ட்டை விமான நிறுவனத்தின் மைலாக மாற்றுவது நல்லது. மாற்றியபின் திரும்பப் பெற முடியாது என்பதை முதலில் மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். வங்கியில் இருந்தபோது பல நிறுவனங்களுக்கும் போகக்கூடியதாக இருந்தது, மாற்றிய நொடியில் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடும். அதனால் சீட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்றுவேன். உறவினர்கள் அவசரப்படுத்துவார்கள், "மாத்தி வச்சிடேன், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். தேதி சொல்லாதவர்களுக்காக நான் மாற்றுவதில்லை.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் குடும்பம் என்றால் யார் என்பதில் ஒரு விதி இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் என் மைலை எனக்கும், நான் முன்கூட்டியே நியமிக்கும் ஐந்து பேருக்கும்தான் பயன்படுத்தலாம். அந்த ஐந்து பேர் உறவினராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் ஒருமுறை எழுதிய பெயரை மாற்றக் கட்டணம் உண்டு. ஐந்து என்ற எண் முதலில் தாராளமாகத் தெரியும். கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா, அப்பா என்று எழுதினால் முடிந்தது. மாமியாரும் மாமனாரும் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வி குடும்பங்களில் பேச்சாகாமல் உள்ளுக்குள் கிடந்து உறுத்தும். நான் செய்தது இது. கணவருக்கும் தனிக் கணக்கு, அவருக்கும் ஐந்து இடம். பிள்ளைகள் இருவரையும் அவர் பட்டியலில் எழுதினோம். என் பட்டியலில் அவர், என் பெற்றோர், அவருடைய பெற்றோர். வீட்டுச் செலவு பெரும்பாலும் என் கார்டில் ஓடுவதால் மைல் அதிகம் சேர்வது என் கணக்கில்; பெரியவர்களுக்குத் தேவைப்படும்போது காத்திருக்கும்படி ஆகக் கூடாது. மாமியாரிடம் இதை எடுத்துச் சொன்னபோது, "என் பேரையும் எழுதியிருக்கியா?" என்று இரண்டுமுறை கேட்டார். பட்டியலில் பெயர் இருப்பது அவருக்கு டிக்கெட்டைவிடப் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் வேறுவிதம். ஒரே முகவரியில் வசிப்பவர்கள் ஏழு பேர்வரை சேர்ந்து ஒரு வீட்டுக் கணக்கு தொடங்கலாம். யாராவது டிக்கெட் போட்டால், ஒவ்வொருவர் கணக்கிலும் எவ்வளவு ஏவியோஸ் (அவர்களுடைய மைலின் பெயர்) இருக்கிறதோ அந்த விகிதப்படி எல்லோரிடமிருந்தும் எடுத்துக்கொள்வார்கள். கூட்டுக் குடும்பமாக இருப்பவர்களுக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் தான் எங்கேயும் போகாமலே தன் கணக்கு குறைவதைப் பார்த்து ஒருவர் முகம் சுருங்கவும் இது காரணமாகும். சேருமுன் எல்லோரையும் உட்காரவைத்து இந்த விகிதக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். எமிரேட்ஸில் குடும்பத் தலைவராக ஒருவர் இருந்து எட்டுப் பேர்வரை சேர்க்கலாம். மாமனார், மாமியார், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அதில் வரலாம். வீட்டுப் பணியாளரையும் சேர்க்கலாம். வளைகுடா வாழ்க்கையில் ஒரு வீடு எப்படி இயங்குகிறது என்பதை அறிந்து எழுதிய விதி அது. படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஓட்டல் பாயிண்ட்டுகள்தான் இருப்பதிலேயே தாராளம். மேரியட் பான்வாயில் ஒரு வருடத்துக்கு 1 லட்சம் பாயிண்ட்வரை வேறு உறுப்பினர் யாருக்கும் கட்டணமில்லாமல் அனுப்பலாம். பெறுபவர் 5 லட்சம்வரை பெறலாம். இரத்த உறவு வேண்டாம், ஒரே முகவரி வேண்டாம். பாயிண்ட்டில் தொடர்ந்து ஐந்து இரவு பதிவுசெய்தால் ஒரு இரவுக்கான பாயிண்ட் குறையும் என்பதால், மூன்று பேரிடம் சில்லறையாகக் கிடப்பதை ஒருவரிடம் சேர்த்து ஒரே பதிவாகச் செய்வதில் பலன் அதிகம். மதுரையில் மேரியட்டின் கோர்ட்யார்டு ஓட்டலில் மாமியாரும் அவருடைய தங்கையும் தங்கியது இப்படித்தான். பதிவு இருந்தது கொழுந்தனார் பெயரில், போனது இரண்டு வயதான பெண்கள். வரவேற்பில் ஆதார் கேட்பார்கள்; பதிவில் அவர்கள் பெயர் இல்லையென்றால் கொழுந்தனாருக்கு போன் போட்டு, அவர் ஏதோ மீட்டிங்கில் இருந்து, என்று அலைக்கழியும். அதனால் பதிவுசெய்தவுடன் விருந்தினர் பெயரைச் சேர்த்து, புறப்படும் முன்தினம் ஓட்டலுக்கே பேசி உறுதிசெய்துகொள்வேன். கொடையில் பாதி இந்த போனில்தான் இருக்கிறது. பாயிண்ட் யாரிடமும் இருக்கலாம். பெற்றுக்கொள்பவர் கவுண்டரில் நின்று தான் யார் என்று விளக்கும்படி வைக்கக் கூடாது.

பெயர் என்றதும் தமிழர்களுக்கே உரிய சங்கடம் ஒன்றுக்கு வருகிறேன். வங்கிப் பாயிண்ட்டை விமானக் கணக்குக்கு மாற்றும்போது, பெரும்பாலான வங்கிகள் கார்டுதாரரின் சொந்தக் கணக்குக்கு மட்டும்தான் மாற்ற அனுமதிக்கின்றன. இரண்டு இடத்திலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். நமக்கோ கார்டில் முன்னெழுத்து ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. திருமணத்துக்குப்பின் பாஸ்போர்ட் எடுத்த பெண்கள் பலருக்குக் கணவர் பெயர் அங்கே, அப்பா பெயர் பானில். ஒரே பெண்ணுக்கு மூன்று ஆவணத்தில் மூன்று பெயர். விமானக் கணக்கைப் பாஸ்போர்ட்படி தொடங்கினால் வங்கி தடுக்கும். கார்டுபடி தொடங்கினால் விமான நிலையத்தில் சிக்கல் வரலாம். நான் எப்போதும் பாஸ்போர்ட் பக்கம்தான் நிற்பேன். விமானக் கணக்கில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. பிறகு வங்கிக்கு எழுதி, பாஸ்போர்ட் நகல் கொடுத்து, அவர்கள் பதிவேட்டில் உள்ள பெயரைத் திருத்தச் சொல்வேன். வாரக்கணக்கில் ஆகும். அதனால் பயணம் முடிவான பிறகு இதைத் தொடங்கக் கூடாது, கார்டு வாங்கிய மாதமே தொடங்க வேண்டும். என் நோட்டில் ஒவ்வொருவர் பக்கத்திலும் முதல் வரி, பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்து மாறாமல். அடுத்த வரி, பாயிண்ட் காலாவதியாகும் மாதம்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் நிலைமை வேறு. சேஸ் வங்கி, ஒரே வீட்டில் வசிக்கும் ஒருவருக்குப் பாயிண்ட்டை மாற்ற விடுகிறது. அதனால் கணவனும் மனைவியும் சேர்த்துக்கொள்ளலாம், சென்னையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப முடியாது. ஆனால் மைலாக மாற்றி அம்மா பெயரில் டிக்கெட் போடலாம். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் பெரியவர்களில் கணிசமானோர் இன்று பிள்ளைகளின் பாயிண்ட்டில்தான் பறக்கிறார்கள் என்பது என் அனுமானம். அக்கம்பக்கத்தில் கேட்பதை வைத்துச் சொல்கிறேன்.

தலைகீழாகவும் ஒரு பகிர்வு உண்டு. உறவினர் ஃபிரிட்ஜ் வாங்குவார், நம் கார்டைத் தேய்ப்போம், அவர் ஜிபேயில் பணம் அனுப்புவார், பாயிண்ட் நமக்கு. இதை நான் செய்கிறேன், ஆனால் கட்டுப்பாட்டோடு. பணம் முதலில் வர வேண்டும். பில் அவர் பெயரில் இருக்க வேண்டும், வாரண்டிக்காக. கார்டுக்குரிய தள்ளுபடி முழுவதும் அவருக்கு. சேர்ந்த பாயிண்ட்டை அவர் பக்கத்தில் வரவு எழுதுவேன். அவர் வீட்டுப் பயணம் வரும்போது அதை முதலில் எடுப்பேன். கடைக்காரர்களும் தொழில் செய்பவர்களும் சரக்கு வாங்க என் கார்டைக் கேட்டால் மறுத்துவிடுவேன். தனிநபர் கார்டை வணிகத்துக்குப் பயன்படுத்துவது வங்கியின் விதிக்கு மாறு. தவிரவும், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கார்டு பில் கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். வேறொருவர் செலவு என் வருமானத்தோடு ஒப்பிடப்படும்போது விளக்கம் சொல்ல வேண்டியவள் நான். பணம் முதலில் வர வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது: உறவினரின் பணம் தாமதமாகி, நானும் கட்டாமல் விட்டால் பெரும்பாலான கார்டுகளில் மாதத்துக்கு 3.5 சதவிகிதத்துக்கு மேல் வட்டி, வட்டியின் மேல் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி. ஒரு மாத வட்டியே பாயிண்ட்டை முழுவதும் விழுங்கிவிடும். பில்லை முழுதாகக் கட்ட முடியாத மாதம் யாருக்காவது வந்தால், பாயிண்ட் பேச்சையே எடுக்காதீர்கள், கார்டை உள்ளே வையுங்கள் என்று சொல்லிவிடுவேன். பாயிண்ட்டை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று வருபவர்களுக்கும் ஒரே பதில்தான். விற்பதை எந்தத் திட்டமும் அனுமதிப்பதில்லை. கணக்கையே மூடிவிடுவார்கள், அதோடு மற்றவர்களுக்காகச் சேர்த்ததும் போகும்.

மாவு அரைத்து வைத்ததுபோலத்தான் பாயிண்ட்டும். புளிக்குமுன் வார்த்துப் பரிமாறிவிட வேண்டும். கிரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று வருடத்தில் காலாவதியாகும். காலாவதியாகும்முன்பே மதிப்பு குறையவும் கூடும். 2023 செப்டம்பர் 1 முதல் ஆக்சிஸ் வங்கி மேக்னஸ் கார்டின் மாற்று விகிதத்தை 5-க்கு 4 என்பதிலிருந்து 5-க்கு 2 ஆகக் குறைத்தது. அதுவரை 1 லட்சம் பாயிண்ட் 80,000 மைல், அதன்பிறகு 40,000. பிள்ளை கல்யாணத்துக்கு, பேத்தி படிப்புக்கு என்று பத்து வருடத் திட்டத்துக்காகப் பாயிண்ட் சேர்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. அதற்குத் தங்கம் இருக்கிறது, வைப்புத்தொகை இருக்கிறது.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர், ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்கு வைத்தவர். அவருக்கும் மனைவிக்கும் லண்டன் போக வேண்டும் என்று பாயிண்ட் சேர்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று இறந்துவிட்டார். கார்டை மூட அவர் மனைவியோடு வங்கிக்கு நான் போனேன். நிலுவைத் தொகையை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கட்ட வேண்டும் என்றார்கள். பாயிண்ட்டைப் பற்றிக் கேட்டபோது, கணக்கு மூடியதும் அதுவும் போய்விடும் என்றார்கள். விதிப்படி அது சரிதான். பெரும்பாலான திட்டங்களில் பாயிண்ட் நமக்குச் சொந்தமான சொத்து கிடையாது, வாரிசுக்குப் போகாது. வங்கிக் கணக்குக்கு நாமினி போடுகிறோம், லாக்கருக்குப் போடுகிறோம். இதற்குப் போட இடமே கிடையாது. அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அதன்பிறகு எழுபது வயதைத் தாண்டிய எங்கள் உறவினர்களின் பாயிண்ட்டை நான் சேரவிடுவதில்லை. தைமாதமும் ஆடிமாதமும் அவர்களோடு உட்கார்ந்து, இருப்பதை எடுத்து, யாருக்குக் கொடுக்க விருப்பம் என்று கேட்டு அந்த வடிவில் மாற்றிவிடுவோம். வேலைக்காரம்மா மகளுக்குப் பள்ளிப் பை வாங்க வவுச்சர் கொடுத்தவர் உண்டு. திருச்செந்தூருக்குப் போக, தூத்துக்குடிக்கு விமான டிக்கெட் போட்டுக்கொண்டவர் உண்டு. லாகின் அவர்களுடையது, ஓடிபி அவர்கள் போனுக்கு வரும், பொத்தானை அழுத்துவது அவர்கள். கடவுச்சொல்லை நான் கேட்பதில்லை, சொன்னாலும் எழுதிக்கொள்வதில்லை. "உங்கள் ரிவார்டு பாயிண்ட் இன்றோடு காலாவதியாகிறது, இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று எஸ்பிஐ பெயரில் சுற்றிய போலிச் செய்திகளைப் பற்றி 2024-ல் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே எச்சரித்தது. பாயிண்ட்டைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதாலேயே என் பெரியவர்கள் அந்தச் செய்தியை நம்பிவிடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஆகவே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருக்கிறேன்: பாயிண்ட் போனால் போகட்டும், லிங்க்கைத் தொடாதீர்கள், எனக்கு போன் செய்யுங்கள்.

பெற்றுக்கொள்பவரிடம் என்ன சொல்வது என்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். அம்மா சிங்கப்பூர் போனபோது, "எவ்வளவுடி ஆச்சு?" என்று கேட்டாள். அந்த டிக்கெட்டின் சந்தை விலையை நான் சொல்லவில்லை. காசு கொடுத்து அவ்வளவு உயர்ந்த வகுப்பில் நாங்கள் ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டோம். வாங்காத விலையைச் சொல்லி அவளைக் கடன்பட்டவளாக உணரவைப்பது நியாயமில்லை. கட்டிய வரித்தொகையை மட்டும் சொன்னேன். எதிர்ப்பக்கத்திலும் ஒன்று உண்டு. ஓசி டிக்கெட்தானே என்று சிலர் கடைசி நாளில் தேதியை மாற்றுவார்கள். அவர்களிடம் ரத்துக் கட்டணம் எவ்வளவு, மைல் திரும்பி வர எத்தனை நாள் என்று பதிவுசெய்யும் அன்றே எழுதி அனுப்பிவிடுவேன். அதைப் படித்த பிறகு யாரும் அலட்சியமாக மாற்றியதில்லை.

இப்போது எங்கள் மூத்த மகளுக்கு 18 முடிந்திருக்கிறது. அவளுக்கு ஆட்-ஆன் கார்டு விண்ணப்பித்திருக்கிறோம். அதோடு, அவள் பெயரில் ஒரு சிறிய வைப்புத்தொகை போட்டு, அதன் பேரில் அவளுக்கே சொந்தமான ஒரு கார்டும். கிரிஸ்ஃப்ளையர் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அவளே தொடங்கினாள். ஐந்து இடமும் காலியாக இருக்கிறது, யார் பெயரை முதலில் எழுதப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.